பழைய ஃபோர்-வீல் வண்டியில டிஃப் லாக்கர்: கம்பெனியில வந்தது நம்பலாமா, வெளியில வாங்கிப் போட்டது நம்பலாமா?

ஜனவரி 9 – வந்த கேள்வி

அண்ணே, டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80 சீரிஸ் ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணுல முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் கம்பெனி லாக்கர் இருக்கு, ஆனா சுவிட்ச் போட்டா லைட் மினுக்கிட்டே இருக்கு, நிலையா எரிய மாட்டேங்குது. இன்னொண்ணு ஓபன் டிஃப். கூட இருக்கிறவங்க எல்லாரும் ஓபன் டிஃப் வண்டிய எடுத்து வெளி லாக்கர் போட்டுக்கோ, 30 வருஷம் பழைய கம்பெனி லாக்கர்ல கை வச்சா அது காசை முழுங்கிட்டே இருக்கும்ங்கிறாங்க. நெசமா?

ஜனவரி 9, ராத்திரி

பாதி தான் நெசம் தம்பி. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: டிஃப்னா (டிஃபரென்ஷியல்) ஆக்ஸில் நடுவுல இருக்கிற பல் சக்கர அமைப்பு, வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடும். அதைப் பூட்டி ரெண்டையும் ஒண்ணா சுத்த வைக்கிறது லாக்கர், லாக்கர் இல்லாதது ஓபன் டிஃப்.

கம்பெனி லாக்கர் போச்சுன்னு சொல்லி வந்த வண்டிகள்ல நான் பார்த்த வரைக்கும் லாக்கர் போனதே இல்லன்னு சொல்லலாம், அதைத் தள்ளுற சாமான் தான் போயிருக்கும். டொயோட்டாவோட அந்த எலக்ட்ரிக் லாக்கர்ல டிஃப் உள்ள இருக்கிறது ஒரு பல்லு வச்ச காலர், ஒரு ஃபோர்க், அவ்வளவு தான். ஃபோர்க் காலரைத் தள்ளினா காலர் போய் கடிச்சுக்கும், அதுக்கப்புறம் ரெண்டு ஆக்ஸில் ஷாஃப்டும் ஒரே வேகத்துல தான் சுத்தும். உள்ள ஆயில்லயே முங்கிக் கிடக்கிற நல்ல இரும்பு அது, 30 வருஷம் அதுக்கு ஒண்ணும் பெரிய வயசு இல்ல. ஃபோர்க்கைத் தள்ளுற மோட்டார் டிஃப் வெளியில தொங்குது. சேறு, தண்ணி, கல்லடி எல்லாம் அதுக்குத் தான். அது தான் சாகும்.

அதனால "கம்பெனியா வெளியா"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி, கெட்டுப் போற இடம் எது, அங்க கை போக எவ்வளவு பிரிக்கணும்னு கேளு. எனக்கு இந்த விஷயத்துல நம்பகம்னா அது தான்.

ஜனவரி 10

லைட் மினுக்குறதைப் பத்தி நேத்து எழுதாம விட்டுட்டேன், வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடு.

80-ல லாக்கர் வேலை செய்ய மொதல்ல லோ ரேஞ்ச் (வேகம் கொறைச்சு இழுவை கூட்டுற கியர்) போகணும், நடு டிஃப் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல இருக்கிறது) லாக் ஆகணும், வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழ இருக்கணும். டயல் சுவிட்சைத் திருப்பினா மொதல்ல பின்னாடி, அப்புறம் தான் முன்னாடி. லைட் மினுக்குதுன்னா "சொல்லியாச்சு, இன்னும் கடிக்கல"ன்னு அர்த்தம். காலர் பல்லும் எதிர்ப் பல்லும் நேருக்கு நேர் வரலன்னா மோட்டார் ஒரு ஸ்ப்ரிங்கை முறுக்கி வச்சுட்டுக் காத்திருக்கும், வண்டி கொஞ்சம் உருண்டு ஸ்டீயரிங் இடது வலது திரும்பினதும் பல்லு விழும், லைட் நிலையா நிக்கும். பல பேரு நின்ன இடத்துல சுவிட்ச் போட்டுப் பார்த்துட்டு லாக்கர் செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. விக்கிறவரே அப்படித் தான் நினைச்சிட்டு இருக்கலாம், அது உனக்கு லாபம்.

மெதுவா வளைச்சு வளைச்சு ஓட்டியும் மினுக்குதுன்னா, சமதரையில முன் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஆக்ஸில் ஸ்டாண்ட்ல நிறுத்து, ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகாத. லோ ரேஞ்ச்ல கியர்ல வை, இன்ஜின் ஓடக் கூடாது, சாவி மட்டும் ஆன். ஒருத்தர் சுவிட்ச் போட, நீ டிஃப் பக்கத்துல காதை வச்சுக் கேளு. மோட்டார் சுத்துற சத்தம் வருதா? வந்தா ஒரு பின் சக்கரத்தைக் கையால மெதுவா ஆட்டு. ஓபனா இருக்கிற வரைக்கும் நீ ஒரு பக்கம் சுத்தினா மறு சக்கரம் எதிர்ப் பக்கம் சுத்தும். பல்லு விழுந்த நிமிஷம் "டக்"குனு ஒரு சத்தம், அப்புறம் ரெண்டும் அசையாது. அந்த டக் கேட்டு, உள்ள லைட் மட்டும் இன்னும் மினுக்குதுன்னா லாக்கர் ஜம்முனு இருக்கு, கடிச்சதைச் சொல்ற டிடெக்ஷன் சுவிட்ச் தான் போயிருக்கு, இல்ல அதோட ஒயர் அறுந்திருக்கு. மோட்டார் சத்தமே வரலன்னா மோட்டார், ரிலே, ஒயர், ஈசியு (லாக்கரை இயக்குற கம்ப்யூட்டர் பெட்டி) இதுல ஒண்ணு. மோட்டார் சுத்தியும் டக் வரவே இல்லன்னா தான் ஷாஃப்ட் துருப் பிடிச்சு இறுகியிருக்கும்னு சந்தேகப்படணும்.

முன்னாடிக்கும் இதே மாதிரி தனியாப் பாரு.

ஜனவரி 13

மோட்டார் உள்ள என்ன ஆகும்னு கேட்டிருந்தாங்க. என் பழைய வண்டியும் மோட்டார் வச்சுத் தள்ளுற கம்பெனி லாக்கர் தான் (எந்த வண்டின்னு சொல்ல வேண்டாம், இது எந்த மோட்டாருக்கும் வரும்), அதைக் கழட்டினதைச் சொல்றேன்.

மூடியைத் திறந்ததும் காப்பிப்பொடி கரைச்ச மாதிரி பழுப்புத் தண்ணி கொட்டுச்சு. மோட்டார் சட்டத்துக்குள்ள காந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கும்ல, தகரத்துல துரு ஏறி உப்பி பசை விட்டுப் போய் அந்தத் துண்டு ரெண்டும் கழண்டு நடுவுல சுத்துற ஆர்மேச்சரைப் போய்க் கவ்விட்டு இருந்துச்சு. கரண்ட் சரியா வருது, ஃப்யூஸ் நல்லா இருக்கு, ஆனா மோட்டார் எப்படிச் சுத்தும்? துருவைச் சுரண்டி எடுத்து, காந்தத்தை எந்தப் பக்கம் இருந்துச்சோ அதே பக்கம் வச்சு எபாக்ஸி போட்டு ஒட்டணும். கழட்டுறதுக்கு முன்னாடியே மார்க்கர்ல கோடு போட்டுக்கோங்க, ரெண்டும் இடம் மாறிப் போனா மோட்டார் தலைகீழா சுத்தும், லாக் பண்ணச் சொன்னா அன்லாக் பண்ணும். ஒட்டி, கார்பன் பிரஷ் பார்த்து, கியர்ல புது கிரீஸ் வச்சு, மூடிக்கு சீலன்ட் போட்டு மாட்டினேன். டக்குனு விழுந்துச்சு. டிஃப்ல ஒரு போல்ட்டைக் கூட தொடல, ஆக்ஸில் ஷாஃப்டை வெளிய இழுக்கல.

80-லயும் அதே காலத்து மத்த டொயோட்டா எலக்ட்ரிக் லாக்கர்லயும் இந்தக் காந்தம் கழலுறது ரொம்பத் தெரிஞ்ச விஷயம் தான். துரு முத்திப் போய் ஷாஃப்ட் ஹவுசிங்கோட பிடிச்சிருந்தா மட்டும் வேலை கஷ்டம். சூடு காட்டி, துரு எண்ணெய் ஊத்தி, நாள் கணக்கா பொறுமையா எடுக்கணும். சுத்தியால அடிச்சு அலுமினியத்தை உடைச்சவங்களைப் பார்த்திருக்கேன்.

ஜனவரி 14

தடுக்க வழி இருக்கு. மாசம் ஒரு தடவை மண் தரையில லாக்கரைப் போட்டு எடுங்க. அவ்வளவு தான். வருஷக் கணக்கா தொடாம வச்சிருந்து மாட்டிக்கிட்ட அன்னைக்கு மட்டும் சுவிட்சைத் தேடினா எந்த மோட்டாரும் கிளம்பாது. தண்ணியில இறங்கி ஏறின வண்டின்னா பிரீதர் ஹோஸ் (டிஃப் மூச்சு விடுற குழாய்) மேல போகுதா, வாய் அடைச்சிருக்கான்னு பாருங்க. சூடா இருக்கிற டிஃப் குளிர்ந்த ஆத்துத் தண்ணியில இறங்கினதும் உள்ள இருக்கிற காத்து சுருங்கும், அப்ப எந்த ஓட்டை கிடைச்சாலும் அது வழியா தண்ணிய உறிஞ்சும்.

ஜனவரி 21

டொயோட்டாவை மட்டும் பேசினா போதாதுன்னு ஒரு சார் எழுதியிருக்கார். சரி தான் சார். மத்ததையும் பார்ப்போம், எனக்கு எதுல கை அதிகம் பட்டிருக்கோ அதுல கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

நிஸான் பட்ரோல் ஒய்60-ல பின் லாக்கர் வாக்கூம்ல (காத்தை உறிஞ்சுற இழுப்புல) ஓடுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச அமைப்பு அது, மோட்டாரும் இல்ல, மூளையும் அதிகம் இல்ல, ஒரு டயஃப்ரமை (மெல்லிய ரப்பர் தகட்டை) வாக்கூம் இழுக்குது, அவ்வளவு தான். சாகுறது ரப்பர் ஹோஸ். இன்ஜின்ல இருந்து பின் ஆக்ஸில் வரைக்கும் போற குழாய்ல எங்கயாவது ஒரு வெடிப்பு இருந்தா வேலை செய்யாது, அதுக்குன்னு டிஃபைத் திறக்கக் கூடாது. மீட்டர் வச்ச கைப் பம்ப் ஒண்ணை நேரா டயஃப்ரம்ல மாட்டி வாக்கூம் இழுத்துப் பாருங்க. முள்ளு நின்ன இடத்துலயே நின்னா டயஃப்ரம் நல்லது, கோளாறு முன்னாடி இருக்கிற ஹோஸ்லயோ சோலினாய்ட் வால்வுலயோ (கரண்ட்ல திறந்து மூடுறது) தான். முள்ளு இறங்கிட்டே போனா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு. இந்தச் சோதனைக்கு டீ குடிக்கிற நேரம் தான் ஆகும், ஆனா இதைச் செய்யாம டிஃப் முழுசா பிரிச்சவங்க உண்டு.

மிட்சுபிஷி பஜேரோ ரெண்டாம் தலைமுறை (1991-ல வந்தது) பின் லாக்கர் காத்துல ஓடுது, ஆனா வெளிச் சந்தை ஏர் லாக்கர் மாதிரி பெரிய அழுத்தம் இல்ல, ரொம்பக் கம்மியான அழுத்தம், அதுக்குன்னு ஒரு குட்டிப் பம்ப். பம்ப் துருப் பிடிக்கும், குழாய் ஒடியும். 2003-ல இருந்து 2006 வரைக்கும் வந்த ஜீப் ராங்க்லர் ரூபிகான்லயும் இதே கதை தான், டானா 44 ஆக்ஸில் ரெண்டுலயும் காத்து லாக்கர், 5 பிஎஸ்ஐ பக்கம் தான் அழுத்தம், ரெண்டு குட்டிப் பம்ப். லாக்கர் திடமா இருக்கும், பம்ப் சாகும்.

மெர்சிடிஸ் ஜி-வேகன் பழைய டபிள்யூ460-ல சீட் பக்கத்துல லீவர், லீவரை இழுத்தா ஹைட்ராலிக்கா போய்த் தள்ளும். பிரேக் சிலிண்டர் மாதிரியே அதுக்கும் சீல் கசியும், காத்து ஏறும், பிளீட் பண்ணி அந்தக் காத்தை எடுக்கணும். பிரேக் வேலை தெரிஞ்ச மெக்கானிக்குக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

டொயோட்டாவையும் சேர்த்து அஞ்சு கம்பெனி, நாலு வழி. எல்லாத்துலயும் கெடுற இடம் வெளியில.

ஜனவரி 22

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு "அப்ப கம்பெனிது எல்லாமே உசத்தி"ன்னு ஒருத்தர் முடிச்சுட்டார். இல்லங்க.

ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகள்ல 1973-ல இருந்து வந்த ஈட்டன் ஜி80 லாக்கரை எடுத்துக்கோங்க. அதுவும் கம்பெனிலயே போட்டு வந்தது தான். ரெண்டு சக்கர வேகத்துக்கும் நடுவுல நிமிஷத்துக்கு 100 சுத்து அளவு வித்தியாசம் வந்தா உள்ள இருக்கிற கவர்னர் எடைக்கல்லு விரிஞ்சு தானா லாக் பண்ணும். பாரம் ஏத்தி ஈர ரோட்டுல கிளம்புறவனுக்கு அருமையான சாமான். பெரிய டயர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுச் சக்கரத்தை வெறிச்சுன்னு சுத்தவிட்டு, அந்த வேகத்துலயே அது போய் லாக் ஆகும்போது வர்ற அடிக்கு உள்ள சாமான் துண்டு துண்டாப் போயிருக்கு. பேரையே வெடிகுண்டுன்னு மாத்திக் கூப்பிடுறாங்க அங்க. இதுல கெடுற இடம் டிஃப் உள்ள, கெட்டா க்ரௌன், பினியனையும் (டிஃப்போட பெரிய பல் சக்கரம், அதைச் சுத்துற சின்னது) சேர்த்துக் கூட்டிட்டுப் போகும்.

ஆக பேட்ஜை வச்சு முடிவு பண்ணக் கூடாது. கம்பெனி அந்த லாக்கரை எந்த வேலைக்குன்னு கணக்குப் போட்டுச்சோ அந்த வேலைக்கு அது நிக்கும்.

பிப்ரவரி 2

இப்ப வெளி லாக்கர். மொதல்ல ஏர் லாக்கர், ஏன்னா முக்கால்வாசிப் பேர் மனசுல வெளி லாக்கர்னா ஏஆர்பிங்கிற கம்பெனியோட ஏர் லாக்கர் தான்.

உள்ள இருக்கிறது ஒரு முழு கேரியர் (டிஃப் பல் சக்கரங்களைத் தாங்கிச் சுத்துற கூடு), பழைய கேரியரைக் கழட்டி வச்சுட்டு இதை மாட்டணும். காத்து உள்ள போனா வளைய வடிவ பிஸ்டன் ஒரு கியரைத் தள்ளிக் கடிக்க வைக்கும், காத்து வெளிய போனா ஸ்ப்ரிங் திரும்பத் தள்ளிடும். 100 பிஎஸ்ஐ பக்கம் அழுத்தம். பலம்னு பார்த்தா நல்ல சாமான், பல கம்பெனி கேரியரை விடவே கெட்டி, அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சுத்துற கேரியருக்குள்ள, சுத்தாம நிக்கிற குழாயில இருந்து காத்து எப்படிப் போகும்? பேரிங் பக்கத்துல ஒரு சீல் ஹவுசிங், அதுக்குள்ள ஓ-ரிங். நகமளவு தடிமன் கூட இல்லாத அந்த ரப்பர் தான் மொத்த அமைப்போட உயிர்நாடி, அது இருக்கிறது டிஃப்போட வயித்துக்குள்ள.

ஒரு நண்பரோட வண்டி, வெளி ஏர் லாக்கர் போட்டது, எந்தக் கம்பெனின்னு தேவை இல்ல. பின் பிரேக் பிடிக்கல, டிரம்மைக் கழட்டினா ஷூ முழுக்க கியர் ஆயில். ஆக்ஸில் சீல் மாத்தினாங்க. கொஞ்ச நாள்ல திரும்பவும் ஆயில். வேற சீல். திரும்பவும். ஷாஃப்ட் தேஞ்சிருக்குன்னு ஷாஃப்ட் மாத்தினாங்க. எங்கிட்ட வந்தப்ப நான் லாக்கரைப் போடச் சொல்லி, இன்ஜினை நிறுத்திட்டு கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டேன். சுவிட்ச் போட்டா கம்ப்ரஸர் நிரப்பிட்டு அமைதியாகணும். இது நிக்குது, கொஞ்ச நேரத்துல திரும்ப ஓடுது, நிக்குது, திரும்ப ஓடுது. வெளிக் குழாய் இணைப்பு எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவினேன், ஒரு குமிழி இல்ல. டிஃப் பிரீதர் ஹோஸைக் கழட்டி நுனியைத் தண்ணி டப்பாவுல விட்டேன், அங்க தான் வருது குமிழி, விடாம. உள்ள ஓ-ரிங் கசிஞ்சு, காத்து ஆக்ஸில் ஹவுசிங்குக்குள்ள ஏறி, பிரீதரும் பாதி சேறு அடைச்சிருந்ததால அந்த அழுத்தம் ஆயிலை ஆக்ஸில் சீல் வழியா பிரேக்குக்குத் தள்ளிட்டு இருந்திருக்கு. எத்தனை சீல் மாத்தினாலும் நிக்காது. பிரேக் இல்லாம ஒரு சரிவுல இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் பதறுது.

பிப்ரவரி 3

நேத்து சொன்னதுக்கு ஒரு ஒட்டு, இல்லன்னா ஏர் லாக்கர் மேல வீண் பழி வரும்.

அந்த ஓ-ரிங் தானா சாகல. டிஃபைப் பிரிச்சப்ப சீல் ஹவுசிங்ல கீறல் இருந்துச்சு, மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பியிருக்காங்க. உள்ள போற செம்புக் குழாயும் இழுத்துக் கட்டின மாதிரி வளைஞ்சிருந்துச்சு, அதனால சீல் ஹவுசிங் எப்பவும் ஒரு பக்கமா இழுபட்டுட்டே இருந்திருக்கு. லாக்கர் செஞ்ச கம்பெனி செஞ்சது சரி, மாட்டினவரு கை சரி இல்ல.

வெளி லாக்கரோட நம்பகம்ங்கிறது பாதிக்கு மேல மாட்டுறவரோட நம்பகம். கேரியர் மாத்துறோம்னா பேரிங் ப்ரீலோட் (பேரிங் இறுக்கம்), பேக்லாஷ் (க்ரௌன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவுல இருக்கிற ஆட்டம்) எல்லாம் புதுசா செட் பண்ணணும். பேக்லாஷ் பல ஆக்ஸிலுக்கு 0.13–0.20 மில்லிமீட்டர் சுத்தி வரும், உங்க ஆக்ஸிலோட அளவை அதோட மேனுவல்ல பார்த்துக்கோங்க. டயல் கேஜ் வச்சு அளந்து, பல்லுல மார்க்கிங் மை தடவி, கடி நடுவுல விழுதான்னு சுத்திப் பார்த்து, ஷிம் (மெல்லிய தகடு) கூட்டிக் கொறைச்சு, திரும்ப அளந்து... ஒரு முழு நாள் வேலை. கைய வச்சு ஆட்டிப் பார்த்துட்டு "சரியா இருக்கு"ன்னு மூடுறவர்கிட்ட எவ்வளவு நல்ல லாக்கரைக் கொடுத்தாலும் கொஞ்ச நாள்ல க்ரௌன் ஊளையிடும். கம்பெனி லாக்கர் ஃபேக்டரியிலயே செட் ஆகி வந்துடுது, அது தான் அதோட பெரிய பலம்னு நான் நினைக்கிறேன், டிசைன் எல்லாம் அப்புறம்.

ஏர் லாக்கர் வச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் பாருங்க, லாக்கரை எடுக்கும்போது சோலினாய்ட் "புஸ்"னு காத்தை விடும்ல, அந்த வாய்ல கியர் ஆயில் ஈரம் இருக்கா? இருந்தா உள்ள சீல் கிளம்ப ஆரம்பிச்சாச்சு. வெளி நைலான் குழாய் சைலன்ஸர் பக்கம் போனா உருகும், அதையும் ஒரு தடவை கையால தடவிட்டே போய்ப் பாத்துடுங்க.

பிப்ரவரி 11

"காத்தே வேணாம், எலக்ட்ரிக் வெளி லாக்கர் போடலாமா"ன்னு கேள்வி. ஈட்டன் இ-லாக்கர் தான் இதுல தெரிஞ்ச பேரு, ஹாரப் விக்கிறதும் அந்த வம்சம் தான். ஒரு மின்காந்தம் ஒரு தட்டைப் பிடிச்சு நிறுத்தும், சரிவான பள்ளத்துல குண்டு ஏறி, பின்னுங்களைத் தள்ளி சைடு கியரை (ஆக்ஸில் ஷாஃப்டைச் சுத்துற கியர்) கடிக்கும். குழாய் இல்ல, கம்ப்ரஸர் இல்ல, ஓ-ரிங் இல்ல. ஒயர் ரெண்டு.

டொயோட்டா கம்பெனி லாக்கருக்கும் இதுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கு. டொயோட்டா மோட்டார் ஒரு தடவை தள்ளி முடிச்சா வேலை முடிஞ்சுது, அப்புறம் கரண்ட் அறுந்தாலும் லாக்ல தான் இருக்கும். இது கரண்ட் இருக்கிற வரைக்கும் தான் லாக். பாறை நடுவுல ஒயர் அறுந்தா லாக் விட்டுப் போகும். ரோட்டுல போகும்போது கோளாறு வந்தா லாக் ஆகாம விட்டுப் போறது நல்லது, சரிவுல தொங்கும்போது விட்டுப் போறது ஆபத்து. எந்தப் பக்கம் கெடணும்னு விரும்புறோம்ங்கிறது அவங்கவங்க ஓட்டுற இடத்தைப் பொறுத்தது. நான் பெரும்பாலும் தனியா போறவன், லாக்ல மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடலாம்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு, முன்னாடி போயிட்டு ரிவர்ஸ் போட்டா அந்தக் குண்டு மறுபக்கம் ஏறணும், அந்த இடைவெளியில ஒரு கணம் லாக் விட்டுத் திரும்பக் கடிக்கும், நல்லா ஒரு அடி சத்தம் கேக்கும். கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேண்டாம், ஆனா முன்ன பின்ன ஆட்டி ஆட்டி வண்டிய எடுக்கிற பழக்கம் இருந்தா அந்த அடி திரும்பத் திரும்ப விழும்.

பிப்ரவரி 18

லஞ்ச்பாக்ஸ் லாக்கர் பத்திக் கேட்டவங்க நெறய. லாக்-ரைட், ஆஸி லாக்கர் இந்த வகை. கேரியரை மாத்த வேண்டாம், உள்ள இருக்கிற ஸ்டார் கியரை (நடு ஷாஃப்ட் மேல சுத்துற சின்னப் பல் சக்கரங்களை) எடுத்துட்டு இதை வச்சு மூடணும், பேக்லாஷ் கலையாது, அதனால வீட்டுலயே போட்டுக்கலாம். சுஸுகி சாமுராய், ஜிப்ஸி மாதிரி எடை கம்மியான வண்டிக்கு இது நல்லா உழைக்குது, அந்த வண்டிங்களுக்குக் கம்பெனி லாக்கர்னு ஒண்ணு வந்ததும் இல்ல. எடை கூடின வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். கேரியர் பழசு தான், நடு ஷாஃப்ட் பழசு தான், அதோட ஓட்டை ஏற்கனவே தேஞ்சு முட்டை வடிவமா ஆகியிருந்தா லாக்கரோட முழு அடியும் அந்த ஓட்டைல தான் விழும். போடுறதுக்கு முன்னாடி நடு ஷாஃப்டை உருவி விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுற அளவு பள்ளம் இருந்தா கேரியரை மாத்தாம இதைப் போடாதீங்க.

டெட்ராய்ட் லாக்கர் வேற ரகம், அது முழு கேரியர். சுவிட்ச் இல்ல, ஒயர் இல்ல, காத்து இல்ல, எப்பவும் லாக்ல தான் இருக்கும், வளைவுல வெளிச் சக்கரம் வேகமா போகும்போது பல்லு தானா விட்டுக் கொடுக்கும். கெடறதுக்கு வெளியில ஒண்ணுமே இல்லாத லாக்கர். வெறும் நம்பகம்னு ஒண்ணை மட்டும் கேட்டா நான் இதைத் தான் மொதல்ல வைப்பேன். ஆனா ரோட்டுல கூட வாழணும்ல. வளைவுல டக் டக்னு அடிக்கும், டயர் கீச்சிடும், ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா வண்டி ஒரு பக்கம் லேசா இழுக்கும், குட்டை வீல்பேஸ் வண்டியில ஈர ரோட்டுல இது பயமாவே இருக்கும். ரெண்டு பின் டயரும் ஒரே அளவு, ஒரே காத்தழுத்தம் இருக்கணும், ஒண்ணு தேஞ்சது ஒண்ணு புதுசுன்னு போட்டா நேர் ரோட்டுலயே அது பல்லு மாத்திட்டு இருக்கும்.

வீட்டுல வேற யாராவது அந்த வண்டிய ஓட்டுவாங்கன்னா தானா லாக் ஆகுற எதையும் போடாதீங்க.

பிப்ரவரி 19

முன்னாடி டெட்ராய்ட் போடலாமான்னு உடனே ஒருத்தர். ஃப்ரீவீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்ட்ல இருந்து விடுவிக்கிற ஹப்) இருக்கிற வண்டின்னா ஹப்பைத் திறந்து விட்டு ரோட்டுல ஓட்டலாம். 80 மாதிரி எப்பவுமே நாலு சக்கரமும் ஓடுற வண்டிக்கு வேணாம், ஸ்டீயரிங் கையோட சண்டை போடும்.

மார்ச் 4

எல்லாரும் லாக்கர் உடையறதைப் பத்தியே கேக்குறீங்க, லாக்கர் எதை உடைக்கும்ங்கிறதை யாரும் கேக்கல.

ஓபன் டிஃப்ல ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க் (திருப்புற விசை) தான் போகும், பிடிப்பு இல்லாத சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தான் மறு சக்கரத்துக்கும், அதனால தான் ஒண்ணு சுத்திட்டே இருக்க வண்டி நிக்குது. அது ஒரு விதத்துல பாதுகாப்பும் கூட. லாக் பண்ணினா பிடிப்பு இருக்கிற ஒரே சக்கரத்தோட ஷாஃப்ட் மேல மொத்த டார்க்கும் போய் உக்காரும். 80-ல பின் டிஃப் 9.5 இன்ச், முன் டிஃப் 8 இன்ச் தான். முன் லாக்கரைப் போட்டு ஸ்டீயரிங்கை முழுசாத் திருப்பி மிதிச்சா பர்ஃபீல்ட் ஜாயின்ட் (முன் சக்கரம் திரும்பும்போதும் அதைச் சுத்த வைக்கிற ஆக்ஸில் மூட்டு) உடையும், அந்த முன் டிஃப் ரிவர்ஸ்ல இன்னும் பலவீனம், ஏன்னா பல்லோட மறுபக்கம் தான் அப்ப பாரம் தாங்குது. மேட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது முன் லாக்கரை எடுத்துடுங்க. பழைய லேண்ட் ரோவர்ல 10 ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையில வெட்டின வரிப் பல்லு) ஆக்ஸில் ஷாஃப்ட் இருக்கிற வண்டிக்கு லாக்கர் போடுறவங்க ஷாஃப்டுக்கும் சேர்த்துத் தான் திட்டம் போடணும், அந்த வண்டிக்கு ஆக்ஸில் லாக்கர் வெளியில தான் வாங்கணும்.

ஜனவரி 10-ல சொன்ன 8 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு இருக்கே, பல பேரு அதைத் தொல்லைன்னு ஒயரை மாத்திடறாங்க. அதை விட்டுடுங்கன்னு கேட்டுக்கறேன். கம்பெனி லாக்கரோட பல்லு 30 வருஷம் கழிச்சும் முழுசா இருக்கிறதுக்கு அந்தக் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். ஒரு சக்கரம் வெறிச்சுன்னு சுத்திட்டு இருக்கும்போது லாக் பண்ணினா பல்லோட ஓரம் செதுக்குப்பட்டுப் போகும். வெளி லாக்கர்ல பெரும்பாலும் வெறும் சுவிட்ச், உங்க விரலைத் தடுக்க ஒண்ணும் இல்ல. வெளி லாக்கரைப் பிரிச்சு முனை மழுங்கின பல்லு பார்த்தப்பல்லாம் ஓட்டுறவர்கிட்ட விசாரிச்சா, மாட்டிக்கிட்டு மிதிச்சுட்டே சுவிட்ச் போட்டேன்னு தான் சொல்வாங்க. நிறுத்து, சக்கரம் நிக்கட்டும், சுவிட்ச் போடு, மெதுவா உருட்டு. எந்த லாக்கரா இருந்தாலும் இது தான்.

மார்ச் 9

தம்பி திரும்பக் கேட்டிருக்கார், சுத்தி வளைக்காம எதை எடுக்கறதுன்னு சொல்லுங்கண்ணேன்னு.

ஃப்ரேம் துரு ரெண்டுலயும் ஒரே அளவுன்னா லாக்கர் வண்டிய எடு, லைட் மினுக்கினாலும் பரவால்ல. பின்னாடி நினைச்சு ஓபன் வண்டிக்குக் கம்பெனி லாக்கர் ஏத்தணும்னா டிஃப் மட்டும் வாங்கினா ஆகாது, ஹவுசிங்லயும் வித்தியாசம் இருக்கு, ஒயர், ஈசியு, சுவிட்ச்னு இழுத்துட்டே போகும். இருக்கிற லாக்கரைச் சரி பண்றது அதோட ஒப்பிட்டா சின்ன வேலை. ஃப்ரேம் அழுகியிருந்தா எந்த லாக்கரும் அதைக் காப்பாத்தாது, நல்ல ஃப்ரேம் ஓபன் வண்டிய எடுத்து, பேர் தெரிஞ்ச டிஃப் மெக்கானிக்கைப் பார்த்துட்டு, அப்புறம் தான் லாக்கர் ஆர்டர் பண்ணணும். வரிசை மாறக் கூடாது, மொதல்ல ஆளு, அப்புறம் சாமான்.

கம்பெனி லாக்கருக்கு எதிரா இருக்கிற ஒரே நியாயமான பேச்சு உதிரி பாகம். பழைய வண்டிக்கு மோட்டார் அசெம்பிளி புதுசா கிடைக்கிறது கஷ்டமாயிட்டே போகுது, கிடைச்சாலும் விலை கண்ணைக் கட்டும். வெளி ஏர் லாக்கருக்கு சீல் கிட் தனியா கிடைக்குது, அதுல அவங்க கை ஓங்கித் தான் இருக்கு. ஆனா டொயோட்டா லாக்கருக்கு மோட்டாரைத் தூக்கிட்டு கேபிள் போட்டுக் கையால இழுக்கிற மாற்று வழியும் இருக்கு. உள்ள ஃபோர்க் அதே தான், தள்ளுறது மட்டும் வேற. கெடுற இடம் வெளியில இருந்தா இப்படி ஒரு வழி கண்டுபிடிக்க முடியுது, உள்ள இருந்தா முடியாது.

மார்ச் 16

கடைசியா வந்த ரெண்டு கேள்விக்குச் சின்னதா.

டிடெக்ஷன் சுவிட்ச் போயிருந்தா ஒயரை ஷார்ட் பண்ணி லைட்டை நிலையா எரிய வைக்கலாமான்னு கேட்டவருக்கு: வேணாம். பின்னாடி லாக் ஆயிடுச்சுன்னு நம்பி நீங்க ஒரு ஏத்தத்துல ஏறுவீங்க, பாதியில ஒரு சக்கரம் சுத்தும். சுவிட்சை மாத்துங்க, டிஃப் மேல திருகி எடுக்கிற சாமான் தான்.

புது லாக்கர் போட்ட டிஃப்ல ஆயில் எப்ப மாத்தணும்னு கேட்டவருக்கு: லாக்கரோட வர்ற தாள்ல போட்டிருக்கிற கிலோமீட்டரைப் பாருங்க, ஆனா மொதல் ஆயிலை அதுக்கு முன்னாடியே ஒரு தடவை இறக்கிப் பார்த்துடுங்க. டிரெயின் போல்ட்ல காந்தம் இருந்தா அதுல ஒட்டியிருக்கிறதை விரல்ல தேய்ச்சுப் பாருங்க, மாவு மாதிரி வழவழன்னு இருந்தா பல்லு ஒண்ணோட ஒண்ணு பழகுது, சரி. விரல்ல குத்துற மாதிரி சில்லு வந்தா அன்னைக்கே மூடியைத் திறந்துடுங்க.